மூன்றாவது மாடியில் வேம்புலியின் முகம்

வெள்ளானூரில் எங்கள் தெருவுக்கு வந்து வேம்புலி வீடு எது என்று கேட்டால், யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "வாசல்ல பள்ளம் கீதே, அந்த ஊடு" என்பார்கள். அந்தப் பள்ளம் மழையால் வந்ததில்லை. குழாய் போடத் தோண்டியதும் இல்லை. ஊர் ஜனம் பிடிப் பிடியாக அள்ளிக்கொண்டு போனதால் வந்தது. ஒருவருடைய கண் பட்டுவிட்டால், அவருடைய காலடி மண்ணை எடுத்து, உப்பு மிளகாயோடு சேர்த்துச் சுற்றி, நெருப்பில் போட வேண்டும் என்பது வழக்கம். வேம்புலியின் கண்ணுக்கு அத்தனை கிராக்கி. பதினைந்து வருஷத்தில் பள்ளம் முழங்கால் ஆழம் போய்விட்டது. ஒரு சமயம் அது மெட்ரோ ரயிலுக்குத் தோண்டியது என்று யாரோ கிளப்பிவிட, இரண்டு பேர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கண்ணைப் பற்றி நான் சொல்வதில் முக்கால்வாசி நடந்தது. மிச்சம் நடந்திருக்க வேண்டியது.

பொன்னியம்மா புது பிரிட்ஜ் வாங்கினாள். வேம்புலி எட்டிப் பார்த்து, "கதவு லேசா எறங்கிக் கீதே" என்றார். சாயங்காலம் கதவு கழன்று ஆறு முட்டையோடு அவள் காலில் விழுந்தது. குப்பம்மா வீட்டு முருங்கையைப் பார்த்து, "இவ்ளோ காய கிளை தாங்குமா?" என்று கேட்டார். கேள்விக்குறி வருவதற்குள் கிளை வந்துவிட்டது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் போய், "மீச ஒரு பக்கம் தூக்கிக் கீது தம்பி" என்றார். பையன் கண்ணாடி முன் நின்று இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கத்தரித்துக் கத்தரித்து, மீசையே இல்லாமல் மணவறைக்கு வந்தான். "இது வேற ஆளு" என்று பெண் எழுந்துவிட்டாள்.

ஆனால் மனுஷன் கெட்டவர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்தவர். வலது கண்ணைச் சுருக்கி, இடது புருவத்தை ஏற்றி, பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு இரும்புத் துண்டையும் பார்க்க வேண்டும். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். வாயால், "ரிஜெக்ட்!" என்று சொல்ல வேண்டும். நாளைக்கு எட்டு மணி நேரம் இப்படியே இருந்தால் முகம் என்ன ஆகும்? அப்படியே நின்றுவிட்டது. எது உடையப் போகிறது என்பது அவருக்கு முதலில் தெரிந்தது. உடைத்ததே அவர்தான் என்று ஊர் முடிவு கட்டியது.

கம்பெனியில் வழியனுப்பு விழா நடத்திச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மேடையிலேயே தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து, "ரெண்டு நிமிசம் ஸ்லோ" என்றார். அதோடு கைதட்டல் நின்றது. வீட்டுக்கு வந்து மனைவி நாகவல்லியின் இட்லிகளை ஆராயத் தொடங்கினார்.

"யோவ், நீ இட்லி துன்ன குந்திக் கீறியா, இல்ல சர்ட்டிபிகேட்டு குடுக்க குந்திக் கீறியா?" என்று நாகவல்லி போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இந்தக் கண்ணால் அவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்று வந்தது. ஒரே மகள் கவிப்பிரியாவைப் பாரிவாக்கத்தில் கிஷோர் என்ற நல்ல பையனுக்குக் கொடுத்திருந்தார். கிஷோரின் அம்மா வடிவு தங்கமான மனுஷி. திருஷ்டி என்று வந்தால் மட்டும் ராணுவத் தளபதி. அவள் வீட்டு வாசலில் படிகாரம், எலுமிச்சம்பழம், கற்றாழை, குதிரை லாடம், ஒற்றைச் செருப்பு எல்லாம் வரிசையாகத் தொங்கும். காற்றே கொஞ்சம் யோசித்துத்தான் உள்ளே போகும். கவிப்பிரியா உண்டானதும் தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போக வேம்புலியும் நாகவல்லியும் பழத் தட்டோடு போனார்கள்.

வடிவு தட்டை வாங்கிக்கொண்டாள். மருமகளை அனுப்பவில்லை.

"சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு இங்கயே பெத்துக்கட்டும். சம்மந்தியம்மா வந்து கூட இருக்கட்டும். கொழந்தைக்கு மொட்ட போட்டு காது குத்துற வரைக்கும் நீங்க மட்டும் இந்தப் பக்கம் வராதீங்க. உங்க கண்ணு அப்படி."

பேத்தி பிறந்தாள். பவ்யா என்று பெயர் வைத்தார்கள். நாகவல்லி போய்ப் பார்த்தாள், குளிப்பாட்டினாள், கொஞ்சினாள். வேம்புலிக்குப் படம் அனுப்பக்கூட வடிவு விடவில்லை. "போட்டோவுலயும் கண்ணு படும்" என்றாள். கவிப்பிரியா மனசு கேட்காமல், குழந்தையின் இடது காலை மட்டும் படம் எடுத்து அனுப்பினாள். வேம்புலி இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். உடனே போன் போட்டார்.

"சுண்டு வெரலு கொஞ்சம் உள்ள மடங்கிக் கீதேம்மா!"

பாசத்தில்தான் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் வடிவு இருந்தாள். அன்று சாயங்காலம் குழந்தை பால் கக்கியது. எந்தக் குழந்தைதான் பால் கக்காது? ஆனால் வடிவுக்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. அதோடு கால் படமும் நின்றது. மூன்று மாதமாக வேம்புலிக்குப் பேத்தி என்றால் அந்த ஒற்றைக் கால்தான். அதைப் போன் முகப்பில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எல்லாம், "எம் பேத்தி" என்று காட்டுவார். அவர்கள் முகத்தைத் தேடி ஏமாந்து போவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பால்ராஜ் என்கிற மேஸ்திரி எங்கள் தெருவில் அடுக்குமாடி கட்டினார். கட்டுகிற வீட்டில் கண் படாமல் இருக்கத் தகரத்தில் வரைந்த பூத முகம் ஒன்றை மாட்டுவார்களே, அதுவும் வந்தது. ஒரு நாள் காலையில் நாகவல்லி கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தவள், அப்படியே நின்றாள்.

"யோவ், வெளிய வாய்யா! உன்ன மூணாவது மாடில மாட்டிக் கீறாங்க!"

கொம்பும் கோரைப்பல்லும் தொங்கிய நாக்கும் உண்டு. ஆனால் சுருங்கிய அந்த வலது கண், ஏறிய இடது புருவம்: வேம்புலியேதான். பால்ராஜ் அவருக்குத் தெரியாமல் போனில் படம் எடுத்து, ஆவடியில் வரையக் கொடுத்திருக்கிறார்.

"கோச்சிக்காத அண்ணாத்தே" என்று பால்ராஜ் பல்லைக் காட்டினார். "உன் கண்ணுக்கு மேல ஒரு கண்ணு ஏது? நீ ஒருத்தன் பாத்துகினு இருந்தா, எவன் கண்ணும் உள்ள வராது."

வேம்புலி தகரத்தை இறக்கச் சொன்னார். பூத முகம் பின்பக்கம் பார்த்தபடி அதை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஆவடிக்குக் கிளம்பினார். வழி நெடுக, பின்னால் வந்த ஒரு வண்டிகூட ஆரன் அடிக்கவில்லை.

ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஜமீலா என்ற பெண் உட்கார்ந்து, தகரத்திலும் பூசணிக்காயிலும் பூத முகம் வரைந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் வீட்டுக்காரர் அடுத்த கடையில் பிளெக்ஸ் பேனர் அடிக்கிறார். "பிளெக்ஸ்ல அடிச்ச பூதத்துக்குப் பவரு கெடையாது" என்று ஜனம் நம்புவதால் இவள் தொழில் ஓடுகிறது.

"யம்மா, நீதான் இத வரஞ்சியா?"

ஜமீலா தகரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி தகரத்தைப் பார்த்தாள். "அய்ய, ஒரிஜினலே வந்துகினு கீதே!"

"இன்னா சிரிப்பு? என் மூஞ்சிய வரஞ்சத கூட வுடு. வரஞ்சா ஒழுங்கா வரய வேணாமா?" பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை உருவினார். "எடது காது நாலு மில்லி கீழ கீது. ரிஜெக்ட்!"

"நைனா, அந்தக் காது உன்னுதுதான். கண்ணாடில போய்ப் பாரு."

மொபெட் கண்ணாடியில் பார்த்தார். நம்பாமல் ஸ்கேலை வைத்து அளந்தார். சரியாக நாலு மில்லி. அறுபத்திரண்டு வருஷமாக ஒரு ரிஜெக்ட் பீஸ் இன்ஸ்பெக்டராக நடமாடியிருக்கிறது! வேம்புலி அங்கிருந்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார். ஜமீலா பாவம் பார்த்து டீ வரவழைத்தாள்.

டீ குடிக்கும்போது, அவள் கையெடுக்காமல் ஒரே வீச்சில் ஒரு கண்ணின் வட்டத்தை இழுத்ததைப் பார்த்தார். காம்பஸ் இல்லை, அடிக்கோடு இல்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது நைசாக அளந்தார். அரை மில்லிகூடப் பிசகவில்லை. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். நாலாம் நாள், தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு பிரஷ்ஷு குடேன்" என்றார்.

அவர் வரைந்த முதல் பூதம் ஸ்கேலாலும் காம்பஸாலும் ஆனது. கொம்பு இரண்டும் ஒரே உயரம், பல் பதினாறும் ஒரே அகலம். ஜமீலா தள்ளி நின்று பார்த்தாள்.

"பூதம் மாறி இல்ல நைனா. லோன் கெடையாதுன்னு சொல்ற பேங்க் மேனேஜர் மாறி கீது."

அதையும் பால்ராஜ் சும்மா வருகிறதே என்று வாங்கிப்போய் ஒரு கட்டடத்தில் மாட்டினார். அங்கே சித்தாள்கள் அதற்குக் காலையில் வணக்கம் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்களாம்.

"இன்னா கொற அதுல? அளவெல்லாம் கரெக்டா கீதே" என்று வேம்புலி சண்டைக்குப் போனார்.

"நீ பாக்கறதே இல்ல நைனா."

"முப்பத்தோரு வருசம் எனக்கு அதான் வேலயே!"

"அது பாக்கறது இல்ல, தேடறது. கொற தேடறவனுக்குக் கொற மட்டும்தான் தெரியும். மூஞ்சி தெரியாது. நீ போய் ஆவடி ஸ்டேஷன்ல குந்து. ஒரே ஒரு காது வரஞ்சு எடுத்துகினு வா. யாரு காதுன்னாலும் சரி. ஸ்கேல இங்க வெச்சுட்டுப் போ."

ஸ்கேல் இல்லாமல் வெளியே போவது அவருக்கு வேட்டி இல்லாமல் போவது போல இருந்தது. ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை விரித்து, எதிரே இருந்த காய்கறிக் கூடைக்கார அம்மாளின் காதை உற்றுப் பார்த்தார்.

"இன்னா பெர்சு, கம்மல நோட்டம் வுடறியா?"

"கம்மல் வேணாம்மா. காது மட்டும் போதும்."

அவ்வளவுதான். கூடை ஒரு பக்கம், கூச்சல் ஒரு பக்கம். போலீஸ்காரர் வந்துவிட்டார். சேதி கேட்டு ஜமீலா ஓடிவந்து, "சார், அது நம்ம ஸ்டூடண்ட்டு சார், டிராயிங் கத்துக்குது" என்று மீட்டாள். போலீஸ்காரர் நோட்டை வாங்கிப் பார்த்து, "இது காதா? முந்திரிப் பருப்புன்னு நெனச்சேன்" என்றார். கூடைக்கார அம்மாள் மட்டும் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். மறுநாள் அதே இடத்தில், தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, அவர் பக்கம் வாட்டமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

ஒரு காதை முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பென்சில் அந்த மடிப்புகளில் ஊர்ந்து போகும்போது, அவருக்குள் இருந்த இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போய்விடுவார். இருபது நாளில் அறுபது காது. ஒன்றுபோல் ஒன்று இல்லை. அவர் கணக்குப்படி ஆவடி ஜனம் மொத்தமும் ரிஜெக்ட் ஆக வேண்டும். ஆனால் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. வேம்புலி கோயிலுக்குப் போனால், கோபுரம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிற ஆள். கண்ணை மூடிக் கும்பிட்டவர் இல்லை. அப்படிப்பட்டவருக்கு, கும்பிட்டு முடித்தபின் வரும் அந்த நிம்மதி, கூடைக்காரியின் காதில் கிடைத்தது. இதைச் சாமியார்கள் எத்தனையோ பெயர் வைத்துச் சொல்கிறார்கள். வேம்புலி, "தல கனம் எறங்கின மாறி கீது" என்று மட்டும் சொன்னார்.

ஒரு நாள் காலை, இட்லித் தட்டை வைத்த நாகவல்லியை நிமிர்ந்து பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாய்யா அப்டி பாக்கற?"

"உன் நெத்தி ஓரத்துல ஒரு தழும்பு கீதே. எப்போ வந்துச்சு?"

"கல்யாணம் ஆன வருசம் கதவு இடிச்சுது. முப்பத்தாறு வருசம் ஆவுது" என்று சொன்ன நாகவல்லி, உள்ளே போய், வேலை ஒன்றும் இல்லாமல் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே வந்தால் தட்டு காலி. ஒன்பது இட்லி போயிருக்கிறது. ஒரு வார்த்தை இல்லை. அவள் நேரே என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"யக்கா, இட்லிய பத்தி அந்த ஆளு ஒண்ணுமே சொல்லலக்கா! ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாமா?"

கொஞ்ச நாளில் தெருவில் மண் அள்ளுகிறவர்களும் குறைந்தார்கள். பள்ளத்தில் தவளைகள் குடியேறின.

இதற்குள் வேம்புலி முழு முகமும் வரையப் பழகிவிட்டார். கண் மட்டும் ஜமீலாதான் வைப்பாள். அது எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில். "கண்ணு வெச்சுட்டா அப்பறம் அதுதான் நம்மளப் பாக்கும் நைனா. அதுக்கு முன்னாடி நீ அதப் பாத்து முடிச்சிருக்கணும்" என்பாள். அவர் கையில் அந்தச் சின்ன பிரஷ்ஷை அவள் இன்னும் கொடுக்கவில்லை.

அப்போது ஒரு ஆர்டர் வந்தது.

"பாரிவாக்கத்துல ஒரு அம்மா மாடி எடுக்கறாங்களாம். ஆர்டர் போன்ல வந்துச்சு. நல்லா அலறடிக்கற மாறி வேணுமாம். பேரு வடிவு."

வேம்புலி கையிலிருந்த பிரஷ்ஷைத் துடைத்து வைத்தார். பிறகு, "இத நானே முழுசா பண்றேன். கண்ணும் நானே வெக்கறேன்" என்றார். அவர் குரலைக் கேட்டு ஜமீலா மறுப்புச் சொல்லாமல் சின்ன பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தாள்.

கொம்பு வந்தது. பல் வந்தது. நாக்கு நெஞ்சு வரை தொங்கியது. கண் இருக்க வேண்டிய இடம் மூன்று நாளாக வெள்ளையாகவே இருந்தது.

"இன்னா நைனா, பெயிண்டு காஞ்சே போச்சு."

"அந்த ஊட்டுல பச்சக் கொழந்த கீது. இத பாத்து பயந்துக்கும்."

"பயமுறுத்தத்தானே மாட்டறாங்க?"

"கண்ணு வெக்கறவன பயமுறுத்தட்டும். கொழந்த இன்னா பண்ணுச்சு?"

நாலாம் நாள் கண் வைத்தார். ஜமீலா வந்து பார்த்தாள். வாய் அலறியது. கண் அலறவில்லை. எதையோ பார்ப்பதற்கு ரொம்ப நாளாக வாசலிலேயே நிற்கிற மாதிரி ஒரு கண். அந்த மூன்று நாளில் அவர் சொல்லிச் சொல்லி ஜமீலாவுக்கு விஷயம் எல்லாம் தெரிந்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எடுத்துகினு போ நைனா, நீயே மாட்டிட்டு வா" என்றாள்.

மறுநாள் காலை பாரிவாக்கத்தில், முகம் முழுக்க மூடிய கறுப்பு ஹெல்மெட்டோடு ஒரு ஆள் ஏணியில் ஏறினார். தூசி ஆகாது போலிருக்கிறது என்று வடிவு நினைத்துக்கொண்டாள். வேம்புலிக்குத் திருட்டுத்தனமாகப் பார்க்கிற எண்ணம் இல்லை. மாட்டிவிட்டுப் போய்விட வேண்டும், நமக்குப் பதில் அந்தத் தகரமாவது பேத்தியைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்றுதான் வந்தார். ஆனால் ஆணியில் சுத்தியலை ஓங்கியபோது, கீழே குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் நெருங்கி வந்தது. சட்டென்று இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். சுத்தியல் கட்டை விரலில் இறங்கியது.

கத்தவும் முடியாமல் அவர் தொங்கிக்கொண்டிருக்க, கீழே அழுகை நின்றது. பிறகு, களுக்கென்று ஒரு சிரிப்பு.

"இன்னாடி கவிப்பிரியா, உன் பொண்ணு பூதத்தப் பாத்து சிரிக்குது!" என்றாள் வடிவு. "எப்பா, ஏணில கீற தம்பி! இன்னா பூதம் இது? மொரைக்கவே இல்ல? யாரு வரஞ்சது?"

ஏணியில் ஹெல்மெட் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டது. கவிப்பிரியா வெளியே வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்ற மொபெட்டைப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள்.

"அப்பா!"

வடிவு முந்தானையால் குழந்தையை மூடினாள். "சம்மந்தி! ஹெல்மெட்டக் கழட்டாதீங்க!"

"கழட்டல சம்மந்தி. உள்ள கண்ணையும் மூடிக்கினுதான் கீறேன்."

"கண்ண மூடிக்கினா ஆணி அடிச்சீங்க?"

"அதான் வெரல்ல பட்டுச்சு."

தடவித் தடவி இறங்கி வந்தவரின் கட்டை விரல் கத்தரிக்காயாக வீங்கியிருந்தது. வடிவு அதைப் பார்த்தாள். முந்தானைக்குள் நெளிந்து நெளிந்து, மறுபடி பூதத்தைப் பார்க்கத் தலையை நீட்டுகிற பேத்தியைப் பார்த்தாள். திருஷ்டி விஷயத்தில் அவளும் ஒரு இன்ஸ்பெக்டர்தான். நின்று கணக்குப் போட்டாள்.

"அந்தப் பூதத்துக்குக் கண்ணு வெச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப இவ்ளோ நேரம் கொழந்த மேல பட்டுகினு இருந்தது உங்க கண்ணுதான்."

"ஆமா."

"ஒண்ணும் ஆவலியே" என்றாள் வடிவு, தனக்குத்தானே. பிறகு உள்ளே போய், ஒரு கை நிறைய உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தாள். "சரி, கழட்டுங்க. கொழந்தயப் பாருங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது. நல்லதும் சொல்ல வேணாம், கெட்டதும் சொல்ல வேணாம். ஒரு வார்த்த வந்துச்சு, சுத்திப் போட்டுருவேன்."

ஹெல்மெட் கழன்று வந்தது. வேம்புலி கண்ணைத் திறந்தார்.

கன்னத்தில் தோசை அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்த ஒரு முகம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றியில் ஆரம்பித்தார். பூனை முடி. இல்லை என்றே சொல்லும்படியான புருவம். மூக்கு இன்னும் முடிவெடுக்காமல் இருந்தது. மேலுதட்டில் பால் காய்ந்திருந்தது. காது ஒன்று தலையோடு ஒட்டி, இன்னொன்று கொஞ்சம் விரிந்து. அவர் ஒவ்வொரு மடிப்பாகப் போனார், ஒரு இடத்திலும் அவசரப்படாமல். குழந்தையும் அதே வேலையாக அவர் முகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் ஆனது. பத்து நிமிஷம் ஆனது. வடிவின் மூடிய கையில் உப்பு வியர்த்தது.

கவிப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. "எப்டிப்பா கீறா?"

வடிவு கையை ஓங்கினாள்.

"இன்னும் பாத்து முடிக்கலம்மா" என்றார் வேம்புலி, கண்ணை எடுக்காமல்.

இது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா என்று வடிவுக்குப் புரியவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"முடியறதுக்கு நேரம் ஆவுமா சம்மந்தி?"

"ஆவும் சம்மந்தி."

"அப்ப குந்திகினு பாருங்க. நின்னா கால் வலிக்கும்" என்று வடிவு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டாள். ஒரு கையில் குழந்தை; இன்னொரு கையாலும் தள்ள முடியவில்லை. உப்பு மிளகாயை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.